விலை இல்லை

மாமா நோட்டு எழுதும் விதம் இது: இடது ஓரத்தில் தேதி, பக்கத்தில் உளுந்து, துவரை, பாசிப்பயறு என்று மூன்று விலை, கடைசியில் அன்றைய தங்கம், சில நாள் டாலர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. யாங்கோன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் பயறுத் தரகு பார்த்தவர், அவருக்கு முன்னால் தாத்தா. இரண்டு பேரும் எழுதிய கோடு போட்ட நோட்டுகளில் கரையான் தின்றது போக முப்பத்தொன்று தேறியது. அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையை நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன், இது இரண்டாவது வருஷம்.

சும்மா பாசத்தில் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சுயநலம் இருக்கிறது. நடுவூரில் ஒரு பயறு ஏற்றுமதி ஆபீசில் விலை கணிப்பது என் வேலை. பொருளாதார அளவியல் என்று பெயர் சொன்னால் வீட்டில் யாருக்கும் விளங்காது, அம்மா காளியம்மன் கோயிலில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல பயறு பாக்குறா" என்பார். அதுவும் சரிதான். பழைய எண்களுக்குள் ஒரு உறவு இருக்கிறதா, அந்த உறவு நாளைக்கும் தாங்குமா, தாங்காவிட்டால் எவ்வளவு தப்பும், இந்த மூன்று கேள்விதான் தொழிலே. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பர்மாவில் உட்கார்ந்து உளுந்து விலை பார்க்கிறேன் என்றால் சென்னையில் இருப்பவர்கள் சிரிக்கலாம். உங்கள் இட்லியில் நாங்களும் இருக்கிறோம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரிய பங்கு இங்கிருந்துதான் போகிறது. மழைக்கால நெல் அறுத்த பிறகு பெகு, ஐராவதி பக்கத்து வயல்களில் விதைத்து, பிப்ரவரி மார்ச்சில் அறுப்பார்கள். எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று இரண்டு ரகம், சென்னைக்குக் கப்பல் கூலியோடு சேர்த்து டன்னுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசுவோம். பர்மியர்கள் பெரும்பாலும் உளுந்தை வீட்டில் சமைப்பதில்லை. ஆனால் தோசை அவர்களுக்கும் உண்டு, பெயரும் கிட்டத்தட்ட அதேதான், 'தோஷே'. ஆக இங்கே விளையும் பயறுக்கு விலை வைப்பது வேறு நாட்டு வயிறு. அந்த நாட்டு வயிறு மட்டும் என்றால் சமாளித்திருப்பேன்.

நோட்டுக்கு வருகிறேன். சில நாள் விலைக்குப் பதிலாக 'வி.இ.' என்று இருக்கும். முதலில் அது ஏதோ ரகத்தின் பெயர் என்று நினைத்து வாரக்கணக்கில் தனிப் பத்தி போட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மாமாவிடம் கேட்டேன்.

"விலை இல்லை."

"சந்தை லீவா மாமா?"

"லீவுன்னா நோட்டே எழுதமாட்டேனே பாப்பா. கடை தெறந்திருக்கும், சரக்கு இருக்கும், ஆளும் இருப்பான். எவனும் விலை சொல்லமாட்டான்."

என் தொழிலில் எனக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுக்கொடுத்தது இதற்கு நேர்மாறு. எண் இல்லாத நாள் வந்தால் முந்தின எண்ணுக்கும் பிந்தின எண்ணுக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு போட்டு நிரப்பு, தொடர் அறுந்தால் மென்பொருள் ஓடாது. ஆபீஸ் கோப்பில் இருந்த வெற்றுக் கட்டங்களையெல்லாம் அப்படித்தான் நிரப்பி வைத்திருந்தேன். எந்த நாட்களை நிரப்பினேன் என்று பார்க்க நோட்டையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதில் ஒரு கூட்டம் 2017 ஆகஸ்டு.

அந்த ஆகஸ்டைச் சொல்லியாக வேண்டும். அப்போது வேறு ஆபீஸ், பெயர் வேண்டாம். 2014 ஜனவரியிலிருந்து 2017 ஜூன் வரை மாத விலை, மொத்தம் 42 எண்கள். அதை வைத்து விலையைக் கணிக்கும் ஒரு கணக்கு மாதிரி (மாடல்) கட்டினேன். விளக்கும் மாறிகள் ஒன்பது: முந்தின மாத விலை, டெல்லி விலை, டாலர், இந்திய மழை, திருவிழா மாதம், இப்படி. 42 எண்ணுக்கு ஒன்பது மாறி என்பது குழம்பைவிடத் தாளிப்பு அதிகம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஆர்-ஸ்கொயர், அதாவது மாதிரி நிஜத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு (1 என்றால் முழுப் பொருத்தம்), 0.9-ஐத் தாண்டியதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன், உண்மையாகவே. படம் போட்டால் நிஜ விலையும் மாதிரி சொன்ன விலையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போயின. விலை விழுந்துகொண்டிருந்த நேரம். செப்டம்பரிலிருந்து ஏறும் என்றது மாதிரி. முதலாளி சரக்கைக் கிடங்கில் நிறுத்தினார்.

கதையின் முன்பாதி எல்லோருக்கும் தெரிந்தது. 2015-ல் இந்தியாவில் மழை பொய்த்து, துவரம்பருப்பு கடையில் கிலோ 200 ரூபாய் வரை போனது. அந்த ஆசையில் அங்கேயும் விதைத்தார்கள், இங்கேயும் விதைத்தார்கள். 2015-16-ல் சுமார் 1.6 கோடி டன்னாக இருந்த இந்தியப் பருப்பு விளைச்சல் 2016-17-ல் சுமார் 2.3 கோடி டன்னுக்கு எகிறியது. அங்கே விவசாயிக்கு ஆதார விலைகூடக் கட்டவில்லை. 2017 ஆகஸ்டு 5-ஆம் தேதி துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று டெல்லி வரம்பு கட்டியது. 21-ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். அவ்வளவுதான்.

மாமாவின் நோட்டில் 22-ஆம் தேதியிலிருந்து வரிசையாக வி.இ., வி.இ., வி.இ. என் கோப்பில் அதே நாட்களில் அழகான ஒரு சரிவு, படிப்படியாக, யாரோ கைப்பிடித்து இறக்கிவிட்டது மாதிரி. நிஜத்தில் யாரும் இறங்கவில்லை, படியே இல்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. கிடங்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் மூட்டைகளைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. ஜூலை மாதமே மாமா கேட்டிருந்தார்: "இந்தியாவுல வெளச்சல் ஜாஸ்தியாமே. விலை விழுந்தா அவங்க விவசாயி சும்மா இருப்பானா? கதவச் சாத்திருவான்." அது மாதிரிக்குள் இல்லை மாமா என்றேன். இல்லைதான். 42 மாதத்தில் ஒரு தடவைகூடக் கதவு சாத்தப்படவில்லை, அதனால் என் மாதிரியின் உலகத்தில் கதவு என்ற பொருளே கிடையாது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். முதல் அடி 1926-லிருந்து வந்தது. யூல் என்ற புள்ளியியலாளர் இங்கிலாந்தில் சர்ச்சில் நடக்கும் கல்யாணங்களின் விகிதத்தையும் சாவு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து நகரும் அளவு, 0.95. சர்ச்சில் கல்யாணம் செய்தால் ஆள் சாகிறான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், இரண்டுமே காலத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். 1974-ல் கிரேஞ்சரும் நியூபோல்டும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கணினியில் உருவாக்கிய இரண்டு தொடர்களை வைத்தே, அவை அலைந்து திரியும் வகையாக இருந்தால், பிரமாதமான ஆர்-ஸ்கொயர் வரும் என்று காட்டினார்கள். நம்பிக்கை வராமல் நானும் செய்து பார்த்தேன். 2014-ல் வெளிநாட்டு செல்போன் கம்பெனிகள் வந்து, அதுவரை பணக்காரன் சமாச்சாரமாக இருந்த சிம் கார்டு ஒன்றரை டாலருக்கு வந்தது, அடுத்த இரண்டு வருஷம் எல்லார் கையிலும் போன். உளுந்து விலையும் அதே சமயம்தான் ஏறியது. சிம் கார்டை வைத்து உளுந்து விலையைக் கணித்தால் என்னுடைய ஒன்பது மாறிகளுக்குக் கொஞ்சமும் குறையாமல் பொருந்தியது. சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது அடி மீஸ், ரோகாஃப் இருவரின் 1983 கட்டுரை. நாணய மாற்று விலையைக் கணிக்க அப்போதிருந்த பெரிய பெரிய கோட்பாட்டு மாதிரிகளையெல்லாம் எடுத்து, மாதிரி பார்க்காத காலத்தில் வைத்து ஓட்டினார்கள். ஒரு வருஷத்துக்குள் அடங்கும் கணிப்பில் 'இன்றைய விலையே நாளைய விலை' என்ற ஒற்றை வரியை எதனாலும் நம்பும்படியாக ஜெயிக்க முடியவில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு சமவாய்ப்பு நடை என்று பெயர், குடிகாரன் நடை என்று சொன்னால் சட்டென்று விளங்கும்: அடுத்த அடி எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாது, ஆகவே அவன் இப்போது நிற்கும் இடம்தான் உங்களிடம் இருக்கும் சிறந்த தகவல். இதை மாமாவிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். "இன்னிக்கு என்ன விலையோ அதான் நாளைக்கும். மாறினா மாறும். இதுக்கு அமெரிக்காவுலயா எழுதணும்?" என்றார். 2018-லிருந்து என் மாதிரியையும் மாமாவின் வரியையும் மாதாமாதம் போட்டிக்கு விட்டேன். மூன்று வருஷக் கணக்கில் மாமா ஜெயித்தார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, மாதிரி மோசம், எண்களாவது நல்ல எண்களா? இங்கேதான் பர்மாவில் இருப்பதன் தனிக் கஷ்டம். இந்த ஊர்ப் பணத்தைக் கியாட் என்று எழுதுகிறோம், வாயில் 'சாட்' என்று வரும். 1977-லிருந்து 2012 வரை அதன் அதிகாரபூர்வ மதிப்பு ஒரு எஸ்.டி.ஆருக்கு (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) 8.50847 கியாட். ஐந்து தசம இடம், என்ன ஒரு துல்லியம்! டாலருக்கு மாற்றினால் சுமார் ஆறு கியாட். 2012 ஏப்ரலில் அதைக் கைவிட்டு மிதக்கவிட்டபோது முதல் நாள் விலை 818. ஆறு ஒரே நாளில் 818 ஆகவில்லை, வெளியே எப்போதோ அப்படித்தான் இருந்தது, காகிதத்துக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. 2012-க்கு முந்தைய இந்தத் தொடரை மென்பொருளில் கொடுத்தால் பாவம், அது என்ன செய்யும்? எண் அசையவே இல்லை. அசையாத எண்ணால் எதையும் விளக்க முடியாது. விடை எண் வரவேண்டிய இடத்தில் என்.ஏ. (கிடைக்கவில்லை) என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. மாமா வி.இ. என்று எழுதுவதும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

திரும்பவும் அதே கதை 2022-ல். ஏப்ரலில் டாலருக்கு 1850, ஆகஸ்டில் 2100 என்று கட்டினார்கள். கட்டினதோடு ஒரு விதி: ஏற்றுமதியில் வரும் டாலரில் 65 சதவீதத்தை 2100-க்கே மாற்றியாக வேண்டும், மீதி 35 உன் பாடு. இந்தச் சமயத்து உளுந்து விலையை ஆபீசில் ஒரு பையன் 2100-ஐ வைத்துக் கணித்தான், தப்பு. இன்னொருவர் வெளி விலையை வைத்துக் கணித்தார், அதுவும் தப்பு. வியாபாரி கையில் வரும் டாலர் இரண்டும் கலந்தது. வெளியே 3000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 2100-இல் 65 சதவீதம் 1365, 3000-இல் 35 சதவீதம் 1050, கூட்டினால் 2415. இந்த 2415 எந்தப் பட்டியலிலும் கிடையாது, எந்தத் தரவுத்தளத்திலும் கிடையாது, ஆனால் பயின்னவுங்கில் விவசாயிக்குக் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பது அதுதான். பிறகு விகிதம் மாறிக்கொண்டே போனது, ஒவ்வொரு முறையும் என் சூத்திரத்தையும் மாற்றினேன். இதைப் போட்ட பிறகுதான் என் மாதிரி முதல் தடவையாக மாமாவின் வரியை நெருங்கியது. எந்த உயர்ந்த கணக்கும் இல்லை, கூட்டல் பெருக்கல். வெளி விலையைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன், இந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும்.

இன்னொரு உதாரணம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-க்குப் பிறகு 31 வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, நாட்டில் ஆறு கோடிப் பேர் என்று எல்லா ஆவணத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் எண்ணினார்கள், சுமார் 5.15 கோடி, அதிலும் சுமார் 12 லட்சம் பேர் எண்ணப்படாமல் மதிப்பிட்டுச் சேர்க்கப்பட்டவர்கள். ஆக 'தலைக்கு இவ்வளவு' என்று போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் ஒரே ராத்திரியில் உயர்ந்தது. ஒரு தலைக்கும் ஒரு கியாட் கூடவில்லை.

எண் நம்ப முடியாத நாடுகளுக்கு வானத்திலிருந்து ஒரு வழி சொல்கிறார்கள், ராத்திரி வெளிச்சத்தைச் செயற்கைக்கோளில் அளந்து பொருளாதாரத்தைக் கணிப்பது. நல்ல வழிதான், உலகத்தில் பல இடத்தில் ஒத்து வருகிறது. எங்கள் தெருவில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. மூன்றாவது மாடியில் என் ஜன்னலிலிருந்து பார்த்தால், ஜெனரேட்டர் வைத்த மருந்துக்கடையும் பேட்டரி விளக்கு வைத்த டீக்கடையும் மட்டும் தெரியும், டீக்கடையில் இருட்டுக்குள்ளேயே வியாபாரம் ஜோராக நடக்கும். செயற்கைக்கோள் என் தெருவைப் பார்த்து என்ன முடிவுக்கு வரும் என்று யோசித்துக்கொண்டே பல நாள் லபேயெ, அதாவது பர்மிய டீ, குடித்திருக்கிறேன்.

நம் ஆட்கள் பற்றி ஒன்று. இப்போது ஷ்வேபொந்தா என்று பெயர் மாறிவிட்ட பழைய மொகல் தெருவில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். யாரிடம் பணம் மிஞ்சுகிறது, யாருக்கு முடை, நெல் அறுப்புக்கு எவ்வளவு தேவை என்று பேசி ஒரு விகிதம், கீழ் பர்மா முழுக்க அதை வைத்துத்தான் ஓடும். பேரேடும் ஐந்தொகையும் அவர்கள் அளவுக்குச் சுத்தமாக வைத்தவர்கள் அந்தக் காலத்தில் எந்த வங்கியில் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அப்பேர்ப்பட்டவர்கள் 1930-ன் நெல் விலை வீழ்ச்சியில் மாட்டிக்கொண்டார்கள். கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம்தான் திரும்பியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது, 1937-ல் அது 25 சதவீதம். கேட்டு வாங்கிய நிலம் இல்லை அது, வேண்டாத நிலம். அதனால் வந்த பகை தனிக் கதை. கணக்கு சரியாக இருந்தது, நெல்லை விலைக்கு வாங்கும் உலகம்தான் மாறிப்போனது, அது பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் பதிவாகும் சங்கதி இல்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், வி.இ. நாட்களை நிரப்புவதில்லை. தனிப் பத்தி ஒன்று போட்டு, விலை இருந்தால் 0, விலை இல்லை என்றால் 1. இந்த அசட்டுப் பத்திதான் என்னிடம் இருப்பதிலேயே உருப்படியான மாறி. விலை எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்லாது, எவ்வளவு ஆடும் என்று சொல்லும். 1982-ல் எங்கிள் என்ற பொருளியலாளர் பிரிட்டன் பணவீக்கத்தை வைத்துச் சொன்னது இதன் பெரியண்ணன்: ஆட்டம் கூட்டமாகத்தான் வரும், ஆடின நாளுக்கு மறுநாளும் ஆடும், அமைதியும் அப்படியே. எங்கள் சந்தையில் ஆட்டத்துக்கு முன்னால் மௌனம் வருகிறது. ஒரு வாரத்தில் இரண்டு வி.இ. வந்தால் அடுத்த மாதக் கணிப்பின் எல்லைகளை அகலமாக்கிவிடுகிறேன். 2021 பிப்ரவரி, மார்ச் பக்கங்களில், வங்கிகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில், விலை எழுதிய நாளை விரல்விட்டு எண்ணலாம். அதே வருஷம் மே மாதம் டெல்லி இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது, பிறகு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தமும் வந்தது. கதவு திறப்பதும் என் மாதிரிக்குள் இல்லை. ஆனால் 'கதவு' என்று ஒரு வரி இப்போது என் அறிக்கையில் தனியாக இருக்கிறது, எண் போடாமல், இரண்டு வாக்கியம் எழுதுகிறேன்: திறந்தால் இது, சாத்தினால் இது. புதிய முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே நம்பரா சொல்லும்மா" என்கிறார். ஒரே நம்பர் வேண்டுமானால் இன்றைய விலையைச் சொல்கிறேன் என்றேன், முறைத்தார்.

போன ஞாயிறு தாத்தாவின் நோட்டு ஒன்றை எடுத்தேன், 1987. மாமா பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல, நான் தட்டச்சு. செப்டம்பர் 1-ஆம் தேதி, நெல், சோளம், பயறு எல்லாவற்றையும் யாரும் வாங்கி விற்கலாம் என்று அரசாங்கம் இருபது வருஷக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய நாள். தாத்தாவின் எழுத்தே அன்றைக்குப் பெரிதாக இருக்கிறது. வீட்டில் இருந்ததையெல்லாம் விற்று, பெகு பக்கம் போய்ப் பயறு வாங்கப் பணமாகத் திரட்டி வைத்திருந்தாராம். 2, 3, 4 தேதிகளில் விலை இருக்கிறது. 5-ஆம் தேதி சனிக்கிழமை, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ள வழியும் இல்லை. அப்புறம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் புது நோட்டு வந்தது.

"ஒரு நாள் முந்திப் போய் வாங்கியிருந்தா பயறாவது மிஞ்சியிருக்கும்" என்றார் மாமா. "திங்கக்கெழம போலாம்னு இருந்தாரு."

5-க்குக் கீழே பக்கம் முடிய வி.இ. தான். தங்கத்துக்கும் வி.இ. நான் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு 1, 1, 1 என்று பக்கத்துப் பத்தியில் போட்டுக்கொண்டே போனேன். மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏன் காலியா விட்டுட்ட? அவர்தான் எழுதியிருக்காரே."

அவர் சொன்னபடியே ஒவ்வொரு கட்டத்திலும் வி.இ. என்று அடித்தேன். சேமித்து மென்பொருளில் திறந்ததும் விலைப் பத்தியை எண் என்று ஏற்க மாட்டேன், எழுத்து என்றுதான் படிப்பேன் என்றது. மாமா இருக்கும்வரை அப்படியே விட்டு வைத்தேன். அவர் போன பிறகும் மாற்றவில்லை.